பள்ளிக்குச் சொந்தமானது

என் டூபாவின் கழுத்தில் ஒரு அலுமினியத் தகடு:
பள்ளிக்குச் சொந்தமானது. எண் 7.
அதற்குக் கீழே ஆணியால் கீறிய எழுத்துகள்,
கே.எல்., ஆர்.ஜே., பிறகு ஒரு மீன்.
மீன் யாரென்று யாருக்கும் தெரியவில்லை.
நான்கு வருடமாக என் மடியில் உட்காருகிறது.
ஜூன் நான்காம் தேதி திருப்பிக் கொடுக்க வேண்டும்.

காலை ஆறரைக்கு, மைனஸ் இருபத்திரண்டில்,
டுலூத்தின் மேட்டுத் தெருவில் பஸ் மூச்சுவாங்கி நிற்கும்.
"ரெண்டு பேருக்கும் காசு எடு" என்பார் ஓட்டுநர் டேரில்.
பள்ளி பஸ்ஸுக்கு ஏது காசு.
அதே பழைய வேடிக்கைக்கு
அதே பழைய சிரிப்பைக் கொடுத்துவிட்டு
ஊதுவாயைக் கையுறைக்குள் பொத்திக்கொள்வேன்.
ஒருநாள் பொத்த மறந்தேன்;
உதட்டுத் தோல் கொஞ்சம் எண் 7-க்குச் சொந்தமானது.

எல்லாக் கல்லூரிகளும் கட்டுரை கேட்கின்றன:
நீ கடந்துவந்த ஒரு சவாலை எழுது,
அறுநூற்றைம்பது சொல்லில்.
எனக்குத் தெரிந்த சவால் எண்ணுவதுதான்.
அறுபத்து நாலு ஆவர்த்தனம் சும்மா இருந்து
அறுபத்தைந்தாவதில் ஒரே ஒரு சுரம்.
வயலின்கள் பெய்துகொண்டிருக்கும்போது
விரல் மடக்கி நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு...
பிசகினால் அரங்கம் முழுக்கத் தெரியும்,
சரியாக ஊதினால் ஒருவருக்கும் தெரியாது.
இருநூற்றுப் பத்துச் சொல் வந்தது.
மீதி நானூற்று நாற்பதுக்கு எங்கே போவேன்?

ஆலோசகர் மிஸ் கெனவில் அன்பானவர்,
மேசைமேல் புதினா மிட்டாய் வைத்திருப்பவர்.
"வருஷத்துக்கு ஒரு டூபாதான் எடுப்பார்களாம், ஐலா.
பல் சுத்தம் செய்யும் படிப்பு ரெண்டே வருஷம்.
எப்படியும் உனக்கு வாய்தானே பழக்கம்."
சொல்லிவிட்டு அவரே பதறிப்போனார்.
நான் மிட்டாய் இரண்டு எடுத்துக்கொண்டேன்.

ஏரி உறைந்தால் அப்பா வீட்டில் இருப்பார்.
இரும்புத்தாதுக் கப்பலில் எந்திரங்களுக்கு எண்ணெய் போடுபவர்;
ஜனவரி பாதியிலிருந்து மார்ச் கடைசி வரை
சமையலறையில் எங்கே நிற்பதென்று தெரியாமல் நிற்பவர்.
உதவித்தொகைப் படிவத்தை இருவருமாக நிரப்பினோம்.
குடும்பத்தில் எத்தனை பேர்?
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
இரண்டு என்று எழுதினார்,
அடுத்த தாளிலும் பதியும்படி அழுத்தி.

நேரில் போய் வாசிக்கப் பெட்ரோல் காசு இல்லாதவர்கள்
வீடியோ அனுப்பலாம்.
நிலவறையில், துணி உலர்த்தும் எந்திரத்தின் பக்கத்தில் பதிவு செய்தேன்.
கிட்டத்தட்ட பி-ஃபிளாட்டில் முனகும் அது;
ஓடவிட்டுச் சுருதி சேர்த்துக்கொண்டு, அணைத்துவிட்டு,
பதினோரு முறை வாசித்தேன்.
பதினோராவது முறை, மெதுவான பகுதியில்,
மூச்சு நான் கேட்காமலே வந்தது.
சுரம் அந்த அறையின் தரையாகவே ஆனது.
அப்போது படிக்கட்டில் அப்பா இருமினார்.

ஈரத்துணிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு
எவ்வளவு நேரமாக அங்கே உட்கார்ந்திருந்தாரோ.
"கெடுத்துட்டேனா?"
"இல்லப்பா."
கெடுத்துவிட்டார்தான்.
பன்னிரண்டாவதும் பதின்மூன்றாவதும் சுத்தமாக இருந்தன,
கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி, ஒன்றுமே இல்லாமல்.

இரவு பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு
இருமல் உள்ளதை அனுப்பினேன்.
யாரோ ஒரு பேராசிரியர் முகம் சுளிக்கலாம்.
அந்த ஒரே டூபா
வேறு ஊரில், இருமாத அப்பாவுக்குப் பிறந்திருக்கலாம்.
அனுப்பியதும் வயிறு வலித்தது; அதையும் சொல்லிவிடுகிறேன்.

பின்வாசலில் நின்று குழாயில் தேங்கியதைக் கொட்டினேன்.
என் மூச்சுதான், குளிர்ந்து தண்ணீரானது.
பனியில் சின்னதாய் ஒரு குழி விழுந்தது.
கீழே துறைமுகத்தில் கப்பல்கள் விளக்கில்லாமல் கிடந்தன.
மார்ச் கடைசியில் ஏரி உடையும்.
கடிதமும் அப்போதுதான் வரும்;
முதல் கப்பலில் அப்பா போயிருப்பார்.

துடைத்துப் பெட்டியில் வைக்கும்போது பார்த்தேன்:
மீனுக்குப் பக்கத்தில் நக அளவு இடம் இருக்கிறது.
ஆணி ஒன்று தேடி எடுத்தேன்.
எதைக் கீறுவதென்று தெரியவில்லை.
ஆணியை மட்டும் பெட்டிக்குள் போட்டு மூடினேன்.