வடக்கெல்லை

மனுவில் "இறந்தவருக்கு உறவு" என்று ஒரு கோடு.
நான் எதுவும் எழுதவில்லை.
ராயக்கோட்டை சார்பதிவாளர் ஆபீசில்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
எழுத்தர் என்னைப் பார்த்தார்.
"உறவு இல்லாட்டி உயில் எதுக்கும்மா?"
"தரலாமா, கூடாதா?"
"தரலாம்," என்றார், கொஞ்சம் வருத்தத்தோடு.
"உசுரோட இருந்தா அவருக்கு மட்டுந்தான்.
செத்த சர்டிபிகேட் வச்சிருக்கியே,
இனி யாரு கேட்டாலும் தரணும்."

மூன்றாம் புத்தகம் என்று ஒன்று.
சாவுதான் அதற்குச் சாவி.

திம்மராயனும் நானும்
பதினோரு வருசமாகப் பேச்சில்லை.
என் கிடேரி அவன் அவரைக்கொடியைத் தின்றது.
கட்டிப்போட்டான்.
நான் வாயில் வந்ததைச் சொன்னேன்,
அவன் பெண்டாட்டி மண்ணை வாரித் தூற்றினாள்.
அவ்வளவுதான்.

பங்குனியில் செத்தான்.
கருமாதி முடிந்த மறுநாள்
மூத்தவன் கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்தான்.
"எங்கப்பன் உயில்ல தடமே கெடையாது.
அது எங்க குடும்ப விசயம், ஒனக்கென்ன?"
தக்காளிப் பெட்டியோடு ஏரிக்கரை சுற்றி நடக்கிறேன்.
மண்டி சேர்வதற்குள் அடிப்பழம் கசிந்து
கழுத்தில் இறங்குகிறது.

மூன்று மணிக்கு நகல் வந்தது.
புங்கமரத்தடியில் உட்கார்ந்து
படிக்கக் கூடாததெல்லாம் படித்தேன்.
அடகில் முழுகிப்போன நகைக்கு ஈடாக
சின்ன மகளுக்குக் கறவை ரெண்டு.
மூத்தவனுக்கு "ஏற்கெனவே நிறைய ஆகிவிட்டபடியால்"
கால் ஏக்கர், அதுவும் கரடு.
அப்புறம் தனியாக ஒரு வரி:
"என்னை எரிக்க வேண்டாம்."
எரித்துவிட்டார்கள்.
நானும் தூரத்தில் நின்று பார்த்தேன்.
பத்திரம் எழுதுகிறவர் ஒருவர்
புளிச்சோற்றை மென்றபடி எட்டிப் பார்க்க,
காகிதத்தை மாரோடு அணைத்துக்கொண்டேன்
என் வீட்டுக் குட்டு போல.

பிறகு சொத்து விவரம்.
கிழக்கே ஓடை. தெற்கே நஞ்சப்பன் வகையறா புஞ்சை.
மேற்கே பாறைப் புறம்போக்கு.
வடக்கே
"கெம்பம்மா வீட்டுக்குப் போகும் மாமூல் நடைதடம்."

தேதியைப் பார்த்தேன்.
கிடேரியைக் கட்டிப்போட்ட அதே ஆவணி.
என் முகம் பார்க்காமல் துண்டை உதறிக்கொண்டு போனானே,
அந்த வாரமே பஸ் ஏறி இங்கு வந்து
முன்பின் தெரியாத எவரிடமோ
என் பெயரைச் சொல்லி
கைநாட்டு வைத்திருக்கிறான்.

எனக்குப் பங்கு இல்லை. அரை சென்ட் இல்லை.
எல்லையாக இருக்கிறேன்.

ரெண்டு ஜெராக்ஸ், நாலு ரூபாய்.
"யாரும்மா, வீட்டுக்காரரா?" என்றான் கடைப் பையன்.
மனுவில் விட்ட கோடு மாதிரியே
அதையும் விட்டேன்.

நாளைக் காலை கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று
மூத்தவனைக் கூப்பிட வேண்டும்.
அவன் இதைப் படித்தானோ, படிக்கவே இல்லையோ.
வடக்கெல்லையைக் காட்டும்போது
எரிக்க வேண்டாம் என்கிற வரியை
கட்டைவிரலால் மறைத்துப் பிடிக்க வேண்டும்.