முப்பத்து நாலு கம்பி

ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்துக் கழிவு ஏலத்தில்
கட்டில் சட்டங்களோடு சேர்த்து எடை போட்டுக் கொடுத்தார்கள்
அந்தக் கம்ப்யூட்டரை.
மேல்வரிசையில் பத்து சிவப்புச் சாவிகள்.
உடன் இரண்டு டிஸ்க் டிரைவ், ஒவ்வொன்றும் செங்கல் கனம்.
குரங்குச்சாவடியில் இறக்கி வைத்த அன்று
இன்வெர்ட்டர் பழுதுக்கு வந்தவர் கேட்டார்,
"இதுல என்ன ஓடும்?"
தெரியாது.
அதற்குத்தான் வாங்கினேன்.

மூடியைக் கழற்றினால்
உள்ளே மலைப்பனி செய்துவிட்டுப் போன வேலை:
திருகாணியில் துரு, பெல்ட்டில் பிசுக்கு,
மூலையில் ஒரு காப்பிக்கொட்டை.
அது எப்படி உள்ளே போனது என்று
இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ரிப்பன் கேபிளை எலி கடித்திருந்தது.
முப்பத்து நாலு கம்பி.
பதினேழு ஒன்றுமே பேசாது, வெறும் எர்த்.
பேசுகிற ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பேசாத ஒன்று,
அடுத்த கம்பியின் பேச்சு இதில் கலக்காதிருக்க.
எங்கள் வீட்டில் இந்த விகிதம் கிடையாது.

பனங்காட்டுக்கு எடுத்துப் போனேன்.
பூங்காவனம் கொலுசுக்குக் கண்ணி பற்றவைப்பவள்.
"கொலுசுல ஒரு கண்ணி கோணினா சத்தம் மாறும். இதுல?"
"சத்தமே வராது."
இரண்டு மணி நேரம் குனிந்த தலை நிமிரவில்லை.
கூலிக்கு ஒரு செட் தட்டுவடை போதும் என்றாள்.
யோசித்துவிட்டு, இரண்டு.

சிவப்புக் கோடு ஓடும் ஓரம் ஒன்றாம் பின்னுக்கு.
மாட்டிக் கரண்ட் கொடுத்து
ஒருத்தனைக் கூப்பிட்டால்
இரண்டு பேரும் விளக்கேற்றிக்கொண்டு எழுந்து நிற்கிறார்கள்.
யாரோ இரண்டுக்குமே பூஜ்யம் என்று பேர் வைத்திருக்கிறார்கள்.
ஜம்பரைப் பிடுங்கி அடுத்த முள்ளில் குத்தினேன்.
இனிமேல் நீ ஒன்று.
கடைசியில் இருப்பவனிடம் மட்டும் ரெசிஸ்டர் வரிசை,
போன சொல் முட்டித் திரும்பி வராமல்
அங்கேயே அடங்க.

முதல் தட்டில் பூஞ்சை.
படிக்கும் முனையில் அப்பி டிரைவின் கண்ணை மறைத்தது.
ஸ்பிரிட், பஞ்சு.
இரண்டாம் தட்டு: கோளாறு பதினெட்டு.
மூன்றாவது: கோளாறு பதினெட்டு.
நாலாவதுக்கு முன்னால் டீ குடித்தேன்.

நட்சத்திரக் குறி, ஒட்டினாற்போல் கேட்.
உள்ளே இருப்பதைப் பட்டியல் போடச் சொல்லும் கட்டளை.
ஆங்கிலக்காரனுக்கு அது பூனையாக இருக்கலாம்.
நான் கேட்டேன்.

ஒரு முனகல். பிறகு டக், டக், டக்,
தடம் தடமாய் அடி வைத்துப் போய்,
இருபது வளைவும் ஏறின பஸ் மாதிரி
ஒரு குலுக்கலோடு நின்றது.

ஏழு எழுத்துக்கு மேல் பேர் வைக்க விடாத காலம்.
ஆங்கில எழுத்தில் தமிழ்:
மழை85. மழை86. பாக்கி.
அப்புறம் சும்மா. சும்மா2. சும்மா3.
இப்படியே ஒன்பது வரை.

மழையைத் திறக்கவில்லை.
பாக்கி யாருடையதோ.
சும்மாவைத் திறந்தேன்.

பதினோரு வரி.
எட்டுக்கு எட்டுக் கட்டத்தில்
எந்தப் புள்ளி எரிய வேண்டும், எது அணைய வேண்டும் என்று
எண்களாகவே சொல்லி
யாரோ ஒரு எழுத்து வரையப் பார்த்திருக்கிறார்.
ஓட்டினேன்.
ழ.
வால் பாதியில் அறுந்து நின்றது. எட்டுக்குள் அடங்கவில்லை.

இரண்டில் கீழே இன்னொரு கட்டம் சேர்த்து
வாலை அங்கே இறக்கியிருக்கிறது.
நாலில் அது கிட்டத்தட்ட மு.
ஆறில் கோபம்: எல்லாப் புள்ளியும் எரிகிறது.
எட்டில், அடடா,
இடுப்பு வளைவு வந்துவிட்டது, சுழி மட்டும் பாக்கி.
வாத்தியாரா, மாணவியா,
மழைக்கு விளையாட விடாத ஒரு மாலையில் யாரோ.

ஒன்பதைத் திறந்தேன்.
கோளாறு பதினெட்டு.
துடைத்துவிட்டு மறுபடி.
பதினெட்டு.

மணி இரண்டரை. ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு லாரி போனது.
ஒன்றாம் டிரைவில் புதுத் தட்டைச் சொருகி
எட்டாவதைப் பிரதியெடுத்து
சுழிக்கு ஒரு புள்ளி வைத்தேன், எடுத்தேன்,
ஒரு கட்டம் தள்ளி வைத்தேன்.

சேமிக்கப் பேர் கேட்டது.
சும்மா10.
விரல்விட்டு எண்ணினேன் ஆங்கிலத்தில்.
சரியாக ஏழு.