குச்சி இறங்கும் ஆழம்

பிப்ரவரி. கிளேஸ் பே.
உறைந்த கடல் கரையில் உரசி முனகிய வாரம்.
வெப்பப் பெட்டியில் பதினாறு கண்ணாடிக் குழாய்கள்,
பாதிக்குப் பாதி நிலக்கரித் தூளும் உலை எண்ணெயும்.

காலையில் குச்சியைச் செருகிப் பார்ப்பது என் வேலை.
தன் எடையிலேயே அடிவரை இறங்கினால் நல்லது.
இடையில் நின்றால்
கரி இரவோடு இரவாக எண்ணெயை விட்டு
அடியில் போய்ப் படுத்துவிட்டது என்று பொருள்.

பதினொன்றில் நின்றது.
பன்னிரண்டிலும்.
“எண்ணெய்தான் மட்டம்” என்றான் ஆர்மண்ட் திபோ.
எதற்கும் எண்ணெயைத் திட்டுவான்,
அவன் வீட்டுக் கணப்பு குடிக்கிற விலை அப்படி.

நான் கரியைப் பார்த்தேன்.
சுரங்கத்திலிருந்து அன்றே ஏறிவந்த கட்டியில்
ஒரு சொட்டு நீர்
சேம்பிலைமேல் போல உருண்டு நிற்கும்.
இந்தக் கட்டியிலோ பரந்து அமர்ந்தது,
வாடகைக்கு வந்தவள் பெட்டியைப் பிரிப்பது போல.

எத்தனை நாள் வெளியே கிடந்தது இது?
கொட்டகை பார்க்கும் லாக்லன் தரையைப் பார்த்தான்:
கூரைத் தகடு பறந்து மூன்று வாரம்.

போதும்.
கண்ணுக்கு அதே கறுப்புதான்,
தோலில் மட்டும் பிராணவாயு குடியேறிவிட்டது.
இனி அதற்கு நீர்தான் உறவு,
எண்ணெய் யாரோ.

சேர்மானம் ஊற்றினோம்.
தலை கரியைப் பற்றும், வால் எண்ணெயில் நீந்தும்,
இரண்டு வீட்டிலும் கை நனைக்கிற மூலக்கூறு.
நூற்றுக்கு அரைப் பங்கு: கரி அசையவில்லை.
ஒரு பங்கு: குச்சி பாதிவரை.
இரண்டு பங்கு: களியாய் இறுகிக்
கலக்கியின் மோட்டார் புகைந்தது.
ஆர்மண்ட் பிரெஞ்சில் ஏதோ சொன்னான்,
நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மன்னிப்புக் கேட்க உள்ளே வந்த லாக்லன்
பதின்மூன்றாம் குழாயின் மேல் குனிந்தான்.
ஒரு பங்கு சேர்மானம் உள்ள குழாய்.
தொப்பி விளிம்பிலிருந்த பனி உருகி
நாலைந்து சொட்டு உள்ளே விழுந்தது.
கழுவிக் கொட்டச் சோம்பல்.
அப்படியே கலக்கி வைத்துவிட்டுப் போனோம்.

மறுநாள்
குச்சி இறங்கியது.
தயங்கித் தயங்கி, ஆனாலும் அடிவரை.
தூளுக்கும் தூளுக்கும் நடுவே
நீர் மெல்லிய பாலம் கட்டியிருக்க வேண்டும்;
ஒன்றையொன்று பிடித்துக்கொண்ட கூட்டம்
விழ மறந்து நின்றது.
கொஞ்சம் கெட்டிதான். பம்பு முனகும்,
தள்ளிவிடும்.

அறிக்கையில் எழுதினேன்:
நீர், ஐந்து சொட்டு. மூலம், லாக்லனின் தொப்பி.
ஹாலிஃபாக்ஸிலிருந்து தாள் திரும்பி வந்தபோது
தொப்பியைச் சிவப்பு மையால் அடித்திருந்தார்கள்.
ஐந்தை விட்டுவைத்திருந்தார்கள்.

நான்தான் எண்ணவே இல்லை,
நாலாகவும் இருந்திருக்கலாம்.
பதினான்காம் குழாயில் நாலு விட்டு மூடினேன்.
பதினைந்தில் ஆறு.
வெளியே யாரோ தகட்டை ஆணியடிக்கும் சத்தம்.