ஏழாம் நம்பர் மலை

எட்டரை மணி நாடகத்தில்
'ஊட்டி' என்று எழுத்துப் போட்டதும்
சத்தியசீலி கத்தினாள்:
"ஐயோ, நம்ம ஏழாம் நம்பர் மலை!"

ஆமாம். இடி விழுந்த அதே சவுக்கு.

கோபித்துக்கொண்டு ஓடும் கதாநாயகி
கொட்டகலை வளைவில் திரும்பி
அடுத்த அடியில்
ஒஹியா ஸ்டேசனில் நின்று அழுகிறாள்.
"டிக்கட் யார் எடுத்தது?" என்றான் கொழுந்தன்.
சிரித்ததில் இரண்டு வசனம் போய்விட்டது.

பிறகு அவள் பெரிய பங்களாவுக்குள் போனாள்.
கேட்டுக்கு அந்தப் பக்கம்
நாங்களும் முதல்முறையாகப் போனோம்
அவள் முதுகுக்குப் பின்னால்.
உள்ளே மாடிப்படி இருக்கிறது.
பியானோவும்.

லயம் மட்டும் வரவில்லை.
படம் பிடித்த அன்று
எங்கள் தகரங்களின் மேல் பச்சை வலை கட்டினார்கள்.
வீட்டுக்கு ஒரு சோற்றுப் பார்சல்,
மத்தியானம் வரை இருமக்கூடாது.

கடைசியில் காதலர் கைகோத்து நடக்க
பச்சைக்கும் பனிக்கும் நடுவில்
வலை கிழிந்த ஒரு சாண் இடத்தில்
ஊதாவாக ஏதோ ஆடியது.

யாரும் பேசவில்லை.
கொடியிலிருந்து எடுக்க மறந்த
என் பாவாடை.

மறுநாள்
முன்கதைச் சுருக்கத்திலும்
அது ஆடியது.