பி-க்கு முன்னால்

ஐம்பத்தேழு சென்டிமீட்டர் சுற்றளவில்
ஓர் உலோகத் தலை.
மூக்குக்கு ஒரு மேடு உண்டு, கண் இல்லை.
காலையிலிருந்து மைனஸ் இருபதில் கிடந்த ஹெல்மெட்டை
தெயோலிந்தா அதற்கு மாட்டிவிடுகிறாள்.
வாரை இழுத்துக் கட்டும்போது
இடையில் ஒரு விரல் விட்டுப் பார்க்கிறாள்,
உலோகத்துக்கு மூச்சு முட்டாது என்று தெரிந்தும்.
பதினொரு வருடப் பழக்கம்.

தூக்கித் திறக்கும் வகை.
மூடினால் முழு முகம்.
தாடையை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டால்
காற்றோடு பேசலாம்.
உலோகத் தலை பேசப்போவதில்லை.
பேசப்போகிறவர்கள் வேறு:
சுங்கச் சாவடியில் சில்லறைக்கு நிற்பவன்,
கண்ணாடியைக் கழற்றாமலே மாட்ட விரும்புகிறவள்,
சிவப்பு விளக்கு மாறுவதற்குள்
பின்சீட்டுக்காரியிடம் ஒரு கோபத்தைச் சொல்லி முடிக்க வேண்டியவன்.
அவர்களுக்காக இரண்டு எழுத்து, நடுவே ஒரு சாய்கோடு:
பி / ஜே.
மூடியும் காக்கும், திறந்தும் காக்கும்.
கீல் திரும்புவது அந்தக் கோட்டின் மேல்தான்.

விட்டாள்.
தாடை போய்ப் பட்டடையில் மோதியது.
சத்தம் சின்னது. எப்போதும் சின்னதுதான்.
திரையில் கோடு ஏறி, எல்லைக்குள்ளேயே இறங்கியது.
செயாப்ரா கைதட்டப் போனார்.
கம்பெனி ஆள். ஈரக் கோட்டு.
வசந்தத்துக்குள் கடைக்குப் போயாக வேண்டிய
பன்னிரண்டாயிரம் பெட்டிகள் அவர் முகத்தில்.

அவள் குனிந்து பார்த்தாள்.
இடப்பக்கக் கொக்கி விலகியிருந்தது,
ஓர் அரிசி அகலத்துக்கு.

அவர் மூடிக் காட்டினார்: டக்.
"பூட்டிக்கொண்டதே."
"இரண்டு டக் வரவேண்டும்," என்றாள்,
"வலது ஒன்று, இடது ஒன்று. நான் கேட்டது ஒன்று."
குளிரில் எதுவும் சுருங்கும் என்றார்.
போர்ச்சுகலில் யாரம்மா மைனஸ் இருபதில் ஓட்டுகிறார்கள் என்றார்.
அவள் படிவத்தில் 'இடது' என்று எழுதினாள்,
பக்கத்தில் 'இரண்டு மில்லிமீட்டர்'.

அப்போதுதான் அவர் குரல் தணிந்தது.
தாடை காக்கும் என்று நாங்கள் சொன்னால்தானே?
பி-க்கு முன்னால் ஓர் 'என்' போட்டுவிடுவோம்.
காக்காத தாடை.
விதியில் இடம் இருக்கிறதே.

இருக்கிறது. அதுதான் சங்கடம்.
அதே வளைவு, அதே பளபளப்பு.
வாங்குகிறவன் விரல் முட்டியால் தட்டிப் பார்த்து
கெட்டிதான் என்பான்.
எச்சரிக்கை வரி உள்ளே ஒட்டியிருக்கும்,
ஒரு கோடைக்கால வியர்வைக்குத் தாங்கும்.
அந்த எழுத்து, கட்டைவிரல் அகலத் துணியில்,
யாரும் குனியாத இடத்தில்.

"வேறு விண்ணப்பம் திங்கட்கிழமை கொண்டுவாருங்கள்.
இன்றையது தோல்வி."
உடைந்த ஹெல்மெட்டைக் கேட்டார்.
அதுவும் தரமாட்டார்கள், அலமாரிக்குப் போகும்.

ஆறரை மணி. அகெதா முழுக்க மழை,
மலையிலிருந்து யூகலிப்டஸ் வாசம்.
வண்டியின் கண்ணாடிக் காம்பில் அவளுடைய ஹெல்மெட்.
தூக்கித் திறப்பதுதான்.
லக்ஸம்பர்குக்கு வேலைக்குப் போன அண்ணன் ஜெர்வாசியோ
வண்டியோடு விட்டுப்போனது.
என்ன தோன்றியதோ, வாரைத் திருப்பினாள்,
செல்போன் வெளிச்சத்தில்.
வட்டத்துக்குள் ஈ, இருபத்தொன்று: தெளிவு.
அங்கீகார எண்ணில் பாதி.
ஒரு சாய்கோடு.
பிறகு பி.
சாய்கோட்டுக்கும் பி-க்கும் நடுவே ஒரு கறை.
நூல் பிரிந்ததா, எழுத்து போனதா.
நகத்தால் சுரண்டினாள். எச்சில் தொட்டுத் தேய்த்தாள்.
துணி வெளுத்ததுதான் மிச்சம்.

ஏழு வருடமாக இதைப் போட்டுக்கொண்டு வந்துதான்
அடுத்தவர் எழுத்தையெல்லாம் சரிபார்த்தாள்.

மாட்டினாள். தாடையை இறக்கினாள்.
தகரக் கூரையில் மழை;
ஒன்றா இரண்டா, பிடிபடவில்லை.
தூக்கினாள், இறக்கினாள்.
மறுபடியும்.

"என்ன, பூட்டு கெட்டுப்போச்சா?"
கூண்டுக்குள்ளிருந்து காவலாளி ஃபிர்மினோ கத்தினான்.

பதில் சொல்ல
அவள் தாடையை மேலே தூக்க வேண்டியிருந்தது.