பிழை வரம்பு

தேவாலா ஓடையில் மரவை சுழற்றும் மொய்துவோடு
எனக்கொரு ஒப்பந்தம்.
மினுங்குவது அவருக்கு,
அடியில் தங்கும் கறுப்பு மணல் எனக்கு.
"இதுல என்னம்மா இருக்கு?" என்பார் ஒவ்வொரு தடவையும்.
வயசு இருக்கு என்பேன்.
சிரித்துவிட்டுப் பீடியைத் தேடுவார்.

ஊட்டியில் வாடகைக் கட்டடம், இரண்டாவது மாடி.
காந்தம் தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு
கனத்த திரவத்தில் கொட்டுகிறேன்.
வெள்ளையாய் மிதப்பதை வடித்துக் கழுவிவிட்டு
மூழ்கியதை நுண்ணோக்கியின் கீழ் பரப்பி
ஊசிமுனையால் ஒவ்வொன்றாய்ப் பொறுக்குகிறேன்.
சிர்க்கான்.
தும்மினால் ஒரு வார வேலை போச்சு.

அதன் பிடிவாதம்தான் எனக்குச் சோறு போடுகிறது.
உறையும்போது யுரேனியத்தை உள்ளே விடும்,
ஈயத்தை வாசலிலேயே நிறுத்திவிடும்.
ஆகவே இன்று உள்ளே கிடக்கும் ஈயமெல்லாம்
உள்ளேயே பிறந்தது,
யுரேனியம் தேயத் தேய.
தேய்ந்ததற்கும் சேர்ந்ததற்கும் கணக்கு ஒத்துப்போனால்
அது வயது.

பெங்களூரிலிருந்து எண்கள் வந்தன:
இந்த மலைக்கு இருநூற்றைம்பது கோடி ஆண்டு,
கூட்டியோ குறைத்தோ எண்பது லட்சம்.

அந்த எண்பது லட்சத்தைப் பார்க்கும்போதெல்லாம்
கூடலூர் தாலுகா ஆபீஸ் ஞாபகம்.
அப்பா பெயர் சன்னாசி.
ரேஷன் கார்டில் 1951,
மண்டபம் முகாம் சீட்டில் 1953.
இரண்டு வருடப் பிழைக்கு
மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள்.
"பூர்வீகம்?"
அட்டன் பக்கம் ஒரு தோட்டம்.
"அதுக்கு முன்னாடி?"
முசிறி பக்கம்னு சொல்லுவாங்க.
"சொல்லுவாங்கன்னா நான் எப்படிய்யா எழுதறது?"

எழுத்தரைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வராது.
மாயாற்றில், தெங்குமரஹாடா பரிசல் துறையில் அள்ளிய மணி ஒன்று:
நடுவில் முந்நூற்று முப்பது கோடி,
விளிம்பில் இருநூற்றைம்பது.
வடகரையில் பிறந்ததா, தென்கரையில் மறுபடி வெந்ததா?
ஒற்றை மணியை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் சொல்லிவிட முடியாது.
நூற்றுப் பதினேழு பார்த்தால்தான்
எந்த ஊரையும் விட்டுவிடவில்லை என்று
ஓரளவுக்கு நம்பலாம் என்பது எங்கள் வழக்கம்.
அப்பா ஒரே ஒரு மணி.

கூடலூர் மேட்டில் பெய்யும் மழையோ
எதையும் விசாரிப்பதில்லை.
பாதியைப் பாண்டியாற்றில் மேற்கே தள்ளுகிறது,
பாதியை மாயாற்றில் கிழக்கே.
ஒரே பாறையின் பொடி
இரண்டு கடலில்.

போன ஆடியில் நிரோஷினி
அட்டன் ஓடை மணலை ஒரு மருந்துப் புட்டியில் அனுப்பினாள்.
ஒப்புக்கொள்கிறேன், பொருந்த வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.
இரண்டு தடவை அனுப்பிப் பார்த்தேன்.
இரண்டாம் தடவை என் சொந்தக் காசில்.
விளிம்பெல்லாம் ஐம்பத்தைந்து கோடி.
ஒருகாலத்தில் ஒட்டிக் கிடந்த நிலம்தான், பாடத்தில் தப்பில்லை.
ஆனால் ஒட்டியது இந்த மலையோடு அல்ல.
பாலக்காட்டுக் கணவாய் தாண்டி, தெற்கே
பழனி மலைப் பக்கம் கேட்டால் சொந்தம் சொல்லுமாம்.

அப்பாவிடம் சொன்னேன்.
கவாத்துக் கத்தியில் விரல் போன கையால்
காலிப் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"மிச்சம் எங்க?"
மிதந்ததைக் கொட்டிட்டேன்பா.
"எங்க கொட்டுன?"
தொட்டியில.
அதற்குமேல் கேட்கவில்லை. கொழப்பள்ளி பஸ் வந்துவிட்டது.

தொட்டித் தண்ணீர் கோடப்பமந்து கால்வாய்க்குப் போகிறது,
கால்வாய் ஏரிக்கு.
மிதந்ததோடு ஒன்றிரண்டு சிர்க்கானும் தப்பியிருக்கும்.
எப்போதும் தப்பும்.
மிதிபடகுகளுக்கு அடியில், சேற்றில்,
ஐம்பத்தைந்து கோடி என்று ஏதோ ஒன்று கிடக்கிறது.
என்றாவது ஏரியில் துளையிடப்போகும் முன்பின் தெரியாதவரே,
குழம்ப வேண்டாம்.
அது கருவியின் பிழை அல்ல.