ஐஸ் வாடிக்குப் பின்னால்

வாழைச்சேனைத் துறைமுகத்தில்
பலநாள் போட்டுகள் மூன்று வந்திருக்கின்றன.
இருபத்தெட்டு நாள் கடல்.
மீனை நிறுக்க முந்தியே
பொடியன்கள் தலைக்கு ஷாம்பு போடுகிறார்கள்.
நேசரூபி மிஸ்கோல் அடித்துவிட்டாள்.

என் பால்மாப் பேணியில்
அடியில் நூற்றிருபது உறை,
மேலே ஒரு அடுக்கு முறுக்கு.
கேட்டால் முறுக்கு விற்கிறேன்.
சிலர் வாங்கியும் விட்டார்கள்;
அந்தக் காசை எந்தக் கணக்கில் காட்டுவது என்று
திருக்குமரன் சேருக்கும் தெரியவில்லை.

படிவத்தில் பெயர் கூடாது, இலக்கம் மட்டும்.
பதினேழு:
புருசனுக்கு அவள் கருவாட்டு வாடியில் இரவு வேலை.
இருபத்திரண்டு:
சிரித்தால் கையால் பல்லை மறைப்பாள்.
ஒன்பது, நான்.
பேணி தூக்க முந்தின வருசம்
வேறொருத்தி என்னை அப்படி எழுதினாள்.

போன மாதம் பொலிஸ்
பதினேழின் கைப்பையை மேசையில் கவிழ்த்தது.
சீப்பு, பனடோல், கடைக்குட்டியின் தடுப்பூசி அட்டை,
நான் கொடுத்த மூன்று.
மூன்றை மட்டும் எண்ணினார்கள்.
சாட்சிப் பொருளாம்.
"நீ தந்த சாமான்தான் கா என்னைக் காட்டிக் குடுத்த"
என்றவள் மறுகா பேசவேயில்லை.
மாத முடிவில் நான் எழுதினேன்:
விநியோகம், மூன்று.

இன்றைக்கு வந்து நிற்கிறாள்.
பேணியைப் பார்க்கவில்லை.
வான் கதவைப் பாதி சாத்தி
மிஸி விரலில் குத்துகிறா.
ஒரு துளி. இருபது நிமிடம்.

ஐஸ் உடைக்கும் மிசின் சத்தத்தில்
பாதிதான் கேட்கிறது.
மூத்தவன் விளையாட்டுப் போட்டிக்கு
வெள்ளைச் சப்பாத்து வேண்டுமாம்.
"எத்தினையாம் நம்பர் எண்டு தெரியா கா,
அவன் நித்திரையில நூலால அளந்தனான்."
சட்டைக்குள்ளிருந்து எடுத்த நூலை
குத்திய விரலில் சுற்றுகிறாள்,
அவிழ்க்கிறாள், சுற்றுகிறாள்.
இரண்டாம் கோடு வந்தால் என்ன சொல்வது என்று
பயிற்சியில் படித்ததெல்லாம்
எனக்கு மறந்து போகிறது.

ஒற்றைக் கோடு.

அவள் சிரிக்கவுமில்லை, அழவுமில்லை.
ஒரு முறுக்கை உடைத்து வாயில் போட்டாள்.
அடியில் கைவிட்டு நான்கு எடுத்தாள்.
பைக்குள் வைக்கவில்லை.
எங்கே வைத்தாள் என்று எழுத
படிவத்தில் இடமில்லை,
நானும் பார்க்கவில்லை.

ஜெட்டிப் பக்கம் நாலடி போனவள்
கிறுகி வந்து நூலை நீட்டினாள்.
நடுவில் ஓரிடம் சிவந்து விறைத்திருந்தது.

"ரத்தம் பட்டா
நூல் கட்டையாகுமா கா?"